ஐஸ் பட்டறைக் கைப்பிடி

கோபத்துக்கு ஒரு முகவரி இருந்தால் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு மனிதர் தம் வேலையைப் பார்க்கலாம். முகவரி இல்லாத கோபத்தை என்ன செய்வது? ஐஸ்காரம்மா அதைத் தன் வீட்டிலேயே வைத்து வளர்த்துவந்தாள். விடியற்காலையில் அவளை எழுப்புவதும் அதுதான். கேனைத் தூக்கும்போது கைக்குப் பலம் கொடுப்பதும் அதுதான்.

பட்டறை தெருவின் தாழ்ந்த கோடியில் இருந்தது. முன்பக்கம் இரண்டு அறை வீடு. பின்பக்கம் தகரக் கூரையின் கீழ் உப்புத்தண்ணீர்த் தொட்டி. அதற்குள் வரிசையாகத் தகரக் கேன்கள். கம்ப்ரசர் ஓட ஓட உப்புத்தண்ணீர் குளிர்ந்து, கேனுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல உறைந்துகொண்டு போகும். முற்றிய கேனைச் சங்கிலியில் மாட்டித் தூக்கி, வெறும் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிச் சாய்த்தால், கட்டி புகையோடு வழுக்கி வெளியே வரும். அதைக் கொக்கியால் இழுத்துச் சரிவுப் பலகை வழியாக மீன் சந்தைக்குப் போகும் வண்டியில் ஏற்ற வேண்டும். இழுப்பவர் பலகையில் பின்பக்கமாக ஏறுவார். அவருக்கும் கட்டிக்கும் நடுவில் ஒரு கொக்கி மட்டுமே இருக்கும்.

இந்த வேலைகளை முன்பெல்லாம் ஐஸ்காரர் செய்வார். இப்போது அவர் பட்டறை வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஊன்றுகோலால் தரையைத் தட்டிக்கொண்டு யோசனை சொல்கிறார்.

அவரை நாற்காலியில் உட்கார வைத்தது ஒரு திட்டம். மின்சாரத் திருட்டைக் கண்டு சொல்பவருக்குச் சன்மானம் உண்டு, பெயர் வெளியே வராது என்று மின்துறை அறிவித்திருந்தது. யாரோ ஒருவர் ஐஸ் பட்டறையைக் கைகாட்டினார். பறக்கும் படை வந்தது. மீட்டரைப் பரிசோதனைக்குக் கழற்றிக்கொண்டு, மெயினுக்குச் சீல் வைத்துவிட்டுப் போனது. ஐஸ்காரம்மா மின்துறை அலுவலகத்துக்கு ஓடி, ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு அலைந்து கெஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே தொட்டி குளிரை இழந்துகொண்டிருந்தது. முற்றிய கட்டிகளையாவது கரையேற்றலாம் என்று ஐஸ்காரர் தனியாளாக இழுத்தார். ஓரம் கரைந்து வழவழத்த கட்டி ஒன்று கொக்கியிலிருந்து நழுவியது. எட்டிப் பிடிக்கப் போனவரையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கி, இடுப்போடு சுவரில் அழுத்தியது. அவள் திரும்பி வந்தபோது அவர் தரையில் கிடந்தார். பக்கத்தில் கட்டி நிதானமாக உருகிக்கொண்டிருந்தது.

மீட்டரில் பழுதில்லை, திருட்டு எதுவும் நடக்கவில்லை என்று மின்துறை பிறகு ஒரே வரியில் தெரிவித்தது. சொன்னவர் யார் என்று கேட்டதற்கு, "அது ரகசியம்மா, திட்டமே அப்படித்தான்" என்றார்கள்.

அவளுக்குச் சந்தேகம் தெருச் சங்கத் தலைவர்மேல். முகத்தைவிட மீசை பெரியது என்பதால் அவருக்கு மீசை என்ற பெயரே நிலைத்துவிட்டது.

"மீசைதாங்க. வேற யாரு?" என்பாள். "வண்டித் தண்ணி சொட்டி ரோடு நசநசன்னு ஆகுதுன்னு எத்தனை தடவை சண்டைக்கு வந்தான்?"

"விட்டுத்தள்ளு. யாருன்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்பார் ஐஸ்காரர்.

"என்ன ஆகும்னு தெரிஞ்சப்புறம் சொல்றேன்."

இந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் ஐஸ்காரருக்கு எதிரே தையல்காரர் உட்கார்ந்திருப்பார். தெருவின் மேல்கோடியில் கடை. பிற்பகலில் கடையைச் சாத்திவிட்டுச் சீட்டாட வந்துவிடுவார். நண்பரின் கோணிப்போன இடுப்புக்கு ஏற்றபடி அவருடைய கால்சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

"உன் ஆட்டம் மாப்ளே," என்பார், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோடை வருவதற்கு முன் எரிசக்திச் சேமிப்பு முகமையின் சுவரொட்டி ஒன்று தெருவில் ஒட்டப்பட்டது. டிரான்ஸ்ஃபார்மர் வாரியாக மாலை நேர மின்பயன்பாடு அளக்கப்படும். கால் பங்கு குறைத்துக் காட்டும் தெருவுக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர். தெருவே துள்ளியது. முனையில் நின்ற டிரான்ஸ்ஃபார்மர் கிழடு. கோடை மாலையில் அது முனகும், புகையும், கடைசியில் வெடித்துவிட்டு ஓய்வெடுக்கப் போய்விடும். அப்புறம் மின்விசிறியும் இல்லை, தண்ணீர் மோட்டாரும் இல்லை.

மீசை வீடு வீடாகப் போய் விளக்குகளை அணைக்கச் சொன்னார். அந்தக் கோடை முழுவதும் மக்கள் இருட்டு முன்னறைகளில் அட்டைகளால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஐஸ்காரம்மா அதுவரை மாலையில் கம்ப்ரசரை நிறுத்திவைப்பதுதான் வழக்கம். வோல்டேஜ் குறைவாக இருக்கும்போது ஓட்டினால் மோட்டார் சூடேறும். சுவரொட்டியைப் படித்த நாளிலிருந்து வழக்கத்தை மாற்றினாள். ஆறு மணியானால் மெயின் கைப்பிடியைத் தூக்குவாள். தெருவின் மிச்சமிருந்த விளக்குகள் ஒருமுறை மங்கி மீளும்.

மீசை இறங்கி வந்தார்.

"ஏம்மா, நாங்கல்லாம் இருட்டுல வேர்த்து ஒழுகிட்டு உக்காந்திருக்கோம். நீங்க மட்டும் மிஷினை ஓட்டினா எப்படி?"

"உங்க வீட்டு ஃபேனை நான் நிறுத்தச் சொன்னேனா?"

"இது தெருவுக்குப் பொதுவான விஷயம்மா."

"ஓ, தெருவுன்னு ஒண்ணு இருக்கா? இவர் இடுப்பு ஒடைஞ்சப்ப நான் அதைப் பாக்கவே இல்லையே!"

"வோல்டேஜ் கம்மி. உங்க மோட்டார்தான் எரிஞ்சுபோகும்."

"எரிஞ்சா எரியட்டும். ஐஸ்காரி குளிர் காய ஒரு எடம் கெடைச்ச மாதிரி ஆச்சு."

மோட்டார் இரண்டு முறை எரிந்தது. இரண்டு முறையும் காதிலிருந்ததைக் கழற்றி அடகு வைத்து, மோட்டாருக்குப் புதுச் செம்புச் சுருள் கட்டி, மறுபடி ஓட்டினாள். அவளுக்கு அதில் வருத்தமே இல்லை.

மறு கோடை நெருங்கியபோது முகமையிலிருந்து ஓர் அதிகாரி வந்து சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார். சின்ன வயதுப் பெண். பேச்சு தெளிவாக இருந்தது. தெரு தோற்ற செய்தியைத் தன் காதால் கேட்க வேண்டும் என்பதற்காகவே ஐஸ்காரம்மா முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

"போன கோடையில நாங்க எடுத்தது அளவு மட்டும்தான்," என்றார் அதிகாரி. "போட்டி இந்தக் கோடைக்குத்தான். போன வருஷ அளவுல இருந்து கால் பங்கு கொறைச்சுக் காட்டணும்."

மீசை மெதுவாக எழுந்தார்.

"அப்ப நாங்க ஒரு கோடை பூரா இருட்டுல உக்காந்திருந்தது?"

"அது தேவையே இல்ல சார். சொல்லப்போனா கெடுதல். அளவு எடுக்கற வருஷத்துலயே கொறைச்சுட்டா, அப்புறம் எதுல இருந்து கொறைப்பீங்க? அடுத்த தெருக்காரங்க அப்படித்தான் மாட்டிக்கிட்டாங்க."

"ஐயையோ, நான் வேர்த்த வேர்வை எல்லாம் வீணா?" என்று கத்தினாள் மூலை வீட்டு அக்கா. தெருவில் எது நடந்தாலும் முதலில் ஒலிபரப்புவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"ஆனா உங்களுக்கு அதிர்ஷ்டம்," என்றார் அதிகாரி சிரித்தபடி. "கீழ்க்கோடியில ஐஸ் பட்டறை இருக்குல்ல? அவங்க தினமும் சாயங்காலம் மிஷினை ஓட்டியிருக்காங்க. அந்த ஒரு மிஷினாலதான் உங்க அளவு மேல நிக்குது. இந்தக் கோடையில அதை ஆறுல இருந்து பத்து வரைக்கும் நிறுத்தினாலே போதும். வேற யாரும் ஒரு பல்பைக்கூட அணைக்க வேணாம்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. ரேடியோ அக்கா ஐஸ்காரம்மாவைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தைக் கிள்ளினாள். மீசை எல்லார் முன்னாலும் கைகூப்பினார். "தெருவைக் காப்பாத்திட்டீங்கம்மா! அன்னைக்கு நான்தான் அறிவில்லாமப் பேசிட்டேன்."

ஐஸ்காரம்மா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நடந்ததைக் கேட்ட ஐஸ்காரர், இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஒரு கதை சொல்றேன் கேளு. ஒரு மரத்து மேல காக்கா, அடியில நரி. காக்கா தன்னை ஏசிடுச்சுன்னு நரிக்கு ஆத்திரம். மரத்தையே சாய்ச்சுப்புடறேன்னு ராவும் பகலும் வேரைச் சுத்திப் பள்ளம் தோண்டுச்சு. நகமெல்லாம் பேந்துபோச்சு. அப்ப மழை வந்துச்சு. பள்ளமெல்லாம் தண்ணி. காஞ்சுக்கிட்டிருந்த மரம் குபுகுபுன்னு தழைச்சிருச்சு. காக்கா எறங்கி வந்து, 'நரியாரே, உங்க உபகாரத்தை ஏழு பிறப்புக்கும் மறக்க மாட்டேன்'னுச்சாம்."

"அப்புறம் நரி என்ன பண்ணுச்சு?"

"அப்புறம் என்ன? கதை அங்கயே முடிஞ்சிருச்சு."

"காக்காவுக்கு முடிஞ்சிருக்கும்," என்றாள் அவள். "நரிக்கு முடியல."

மறுநாள் காலை அவள் நேராக மூலை வீட்டுக்குப் போனாள். ஒரு செய்தியைத் தெரு முழுவதும் சேர்க்க அதைவிட விரைவான வழி கிடையாது.

"அக்கா, எல்லார்கிட்டயும் சொல்லுங்க. மிஷினை நிறுத்தறதுக்கு எனக்குச் சம்மதம். ஆனா என் கையால நிறுத்த மாட்டேன். எங்க மேல புகார் கொடுத்தது எந்தக் கையோ, அந்தக் கை வந்து நிறுத்தணும். ஆறு மணிக்கு, மேல்கோடியில இருந்து எல்லாரும் பாக்க நடந்து வரணும்."

"யாரும் வரலைன்னா?"

"வரலைன்னா மிஷின் ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்கும். நான் ஐஸ்கட்டிய மடியில வச்சுக்கிட்டு ஜம்முனு உக்காந்திருப்பேன்."

கோடை தொடங்கியது. அவள் ஆறு மணிக்குக் கைகளைக் கட்டிக்கொண்டு பட்டறை வாசலில் நிற்பாள். யாரும் வரவில்லை. உள்ளே கம்ப்ரசர் தடதடத்துக்கொண்டிருக்கும். மீசை ஒரு நாள் வந்து, தன் பிள்ளைகள் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தார். "நான் இல்லம்மா. வேணும்னா தெருவுக்காக ஒத்துக்கிட்டு நானே நிறுத்தறேன்."

"வேஷம் போட ஆள் கேக்கல," என்று அனுப்பிவிட்டாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது, இவர் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அது அவளைக் கலக்கியது.

இன்னும் சில நாள் இப்படியே ஓடினால் அப்புறம் எவ்வளவு குறைத்தாலும் பலனில்லை என்று முகமை அதிகாரி எச்சரித்துவிட்டுப் போனார். அன்று மாலையே தையல்காரர் வந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

"வாங்கண்ணே, இந்நேரத்துல?" என்றாள்.

அவர் ஐஸ்காரரின் நாற்காலியைத் தாண்டி உள்ளே போனார். மெயின் பலகையின் முன் நின்று கைப்பிடியைப் பிடித்து இறக்கினார்.

கம்ப்ரசர் பெருமூச்சு விட்டு நின்றது. தொட்டியில் உப்புத்தண்ணீர் அலையும் ஓசை மட்டும் கேட்டது.

"எப்பத் துணி தைக்க உக்காந்தாலும் உங்க மிஷின் கெளம்பறப்ப என் கடை பல்பு மங்கும்," என்றார் சுவரைப் பார்த்தபடி. "தையல் மிஷின் இழுக்காது. ஒரு நாள் அதோட மோட்டார் கருகிப்போச்சு. நீங்க திருட்டுத்தனமா இழுக்கறீங்கன்னு நெனைச்சேன். நெனைச்சேன்னுகூட இல்ல, அப்படி இருக்கணும்னு ஆசைப்பட்டேன். ஆத்திரம்மா."

எப்போதும் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர், அன்று அம்மா என்றார்.

மீசைக்காக அவள் எத்தனையோ வசவுகளைத் தீட்டி வைத்திருந்தாள். இந்த மனிதருக்கு அவற்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

"இங்கயே உக்காந்து... தினமும்... மாப்ளே மாப்ளேன்னு..." கணவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

ஐஸ்காரர் ஊன்றுகோலின் பிடியைத் தேய்த்தார். "சந்தேகம் இருந்துச்சு. எந்தத் தையல்காரன் சும்மா இத்தனை கால்சட்டை பிரிச்சுத் தைப்பான்?"

"தெரிஞ்சும் சீட்டு ஆடினீங்களா?"

"அவனும் வரலைன்னா நான் யாரோட ஆடறது?"

அவள் தையல்காரரிடம் சொன்னாள். "ஒரு நாளோட போகாது. கோடை முடியற வரைக்கும் தினமும் வரணும். இதே மாதிரி நடந்து வரணும்."

"வரேம்மா."

வந்தார். முதல் சில நாட்கள் அவளுக்கு அது இனித்தது. அவர் தலைகுனிந்து தெருவில் இறங்கி வருவதைப் பார்ப்பதற்காகவே வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வாசலுக்கு வருவாள். ரேடியோ அக்கா செய்தியைக் கிளைக்கதைகளோடு ஒலிபரப்பினாள். தைக்கக் கொடுத்த துணிகளைத் தெருக்காரர்கள் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. மின்விசிறிகள் பிய்த்துக்கொண்டு சுழன்றன. அந்தக் காற்றில் சுகமாக உட்கார்ந்துகொண்டு, அந்தக் காற்றைக் கொண்டுவரும் மனிதரை அவர்கள் ஏசினார்கள்.

ஒரு மாலை அவர் சட்டை நனைந்து வந்தார். மாடியிலிருந்து யாரோ பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டியிருந்தார்கள். பின்னாலேயே மீசையும் ரேடியோ அக்காவும் இன்னும் பலரும் பட்டறை வாசல்வரை வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"வாங்க துப்பறியும் சிங்கமே, மெல்ல இறக்குங்க, கை சுளுக்கிக்கப் போகுது!" என்றார் மீசை. கூட்டம் சிரித்தது. "அம்மா, நீங்க ரொம்ப நல்லவங்க. இவனை இப்படிச் சும்மா விடறீங்க. கூட இருந்தே குழி பறிச்ச பய!"

தையல்காரர் கைப்பிடியை இறக்கிவிட்டுத் திரும்பினார். அத்தனை நாளில் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"சொன்னது நான்தான். நான் இல்லைங்கல. ஆனா அன்னைக்கு இவன் கட்டி இழுத்தப்ப நீ எங்க இருந்த?"

மீசையின் சிரிப்பு நின்றது.

"என்ன சொல்றீங்க?" என்றாள் ஐஸ்காரம்மா.

"அன்னைக்கு நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க. பின்பக்கக் கதவு திறந்து கெடந்துச்சு. பலகை எல்லார் ஜன்னலுக்கும் தெரியும். காலைல இருந்து ஒத்தை ஆளா இழுத்துக்கிட்டே இருந்தான். நான் பாத்தேன். இந்த மீசை மாடியில நின்னு காப்பி குடிச்சுக்கிட்டே பாத்தாரு. மூலை வீட்டுல பாத்தாங்க. திருட்டுக் கரண்ட்டு ஐஸ்தானே, உருகட்டும்னு பேசிக்கிட்டாங்க. கட்டி நழுவறப்ப 'யாராவது வாங்கப்பா'ன்னு கத்தினான். ரெண்டு தடவை கத்தினான். யாரும் எறங்கல. நானும் எறங்கல."

ஐஸ்காரம்மா கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தினதை அவர் அவளிடம் சொன்னதே இல்லை.

"அக்கா, நீங்களும் பாத்தீங்களா?"

ரேடியோ அக்காவின் வாய் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

அவள் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பின்வரிசையில் சிலர் நழுவப் பார்த்தார்கள்.

"யாரும் போகாதீங்க," என்றாள். குரல் உயரவில்லை. "நாளையில இருந்து இவர் வர வேணாம். ஜன்னல்ல நின்ன வீடெல்லாம் முறை வச்சு வரணும். கைப்பிடியை இறக்கினா மட்டும் போதாது. சாயங்கால வண்டிக்கு ஒரு கட்டியை ஒத்தை ஆளா இந்தப் பலகையில இழுத்து ஏத்தணும். மத்தவங்க அவங்கவங்க ஜன்னல்லயே நில்லுங்க. அதுதான் உங்களுக்குப் பழக்கமாச்சே. ஒரு வீடு வரலைன்னாலும் மிஷின் ஓடும்."

"எனக்கு முதுகு வலிம்மா," என்றார் மீசை.

"இவருக்கு அன்னைக்கு வரைக்கும் எந்த வலியும் இல்ல. நாளைக்கு மொத முறை உங்களுது."

மறுநாள் மீசை வந்தார். வராமல் இருக்கத்தான் நினைத்திருப்பார். ஆனால் கோடையின் நடுவில் தெரு இருட்டானால் அந்தப் பழி தன் தலைமேல் விழும் என்பது அவருக்குத் தெரியும். கைப்பிடியை இறக்கினார். அவள் காட்டிய கட்டியில் கொக்கியை மாட்டி, பலகையில் பின்பக்கமாக ஏறத் தொடங்கினார். வேட்டி நனைந்து காலோடு ஒட்டியது. மேலே ஜன்னல்களில் தலைகள். ஐஸ்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில், வழக்கமான இடத்தில், தையல்காரர் சீட்டுக்கட்டைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

பாதிப் பலகையில் மீசையின் கால் வழுக்கியது. முழங்கால் மடங்கி விழுந்தார். கட்டி ஒரு விரல் அளவு பின்னுக்கு நகர்ந்து கொக்கியை இழுத்தது.

"யாராவது வாங்கப்பா! பிடிங்கப்பா!"

ஜன்னல்களில் ஒரு தலையும் அசையவில்லை. ஐஸ்காரர் கண்களை மூடிக்கொண்டார்.

ஐஸ்காரம்மா அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்று தான் கேட்காமல் போன குரலை இப்போதுதான் முழுதாகக் கேட்டாள். அது அடங்கும்வரை நின்றாள். பிறகு இன்னொரு கொக்கியை எடுத்து வந்து கட்டியின் அடியில் ஓங்கிக் குத்தி, காலைப் பலகையில் ஊன்றிப் பிடித்துக்கொண்டாள். கட்டி நின்றது.

"தள்ளுங்கம்மா," என்று கெஞ்சினார் மீசை.

"தள்ள மாட்டேன். கீழ வராமப் பிடிச்சுக்கறேன், அவ்வளவுதான். எழுந்து இழுங்க. சும்மா இருந்தா உருகும்."

அவர் எழுந்தார். அழுதுகொண்டே இழுத்தார். அவர் ஓர் அடி ஏற ஏற அவளும் ஓர் அடி ஏறிப் பிடித்துக்கொண்டாள். கட்டி வண்டிக்குள் இறங்கி அடங்கியபோது அவர் உள்ளங்கை இரண்டும் சிவந்து தோலுரிந்திருந்தன. சாக்கைப் போர்த்திவிட்டு வண்டிக்காரர் கிளம்பிப் போனார்.

ஐஸ்காரம்மா கொக்கியைத் தண்ணீரில் அலசி ஆணியில் மாட்டினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மூலை வீட்டு ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கு உங்க வீடு, அக்கா. செருப்பு வழுக்கும். வெறுங்காலோட வாங்க."